முதல் காய்ப்பு

ஜான்-பத்திஸ்துக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பிழிந்தாலும் பெற்ற மகளிடம் பேச ஒரு கைப்பிடி வார்த்தை தேறாது. பிரெஞ்சு அவருக்குப் பட்டாளத்துச் சமையல்கட்டில் வந்தது. அதில் வெங்காயம் உரிக்கச் சொல்லலாம், நாயைப் படுக்கச் சொல்லலாம், மேலதிகாரிக்கு விறைப்பாக வணக்கம் வைக்கலாம். தமிழ் புதுச்சேரி நெல்லித்தோப்பில் வந்தது. அதில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்தான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண்ணிடம் அப்பன்காரன் பேசலாம் என்று ஊர் ஒதுக்கிவைத்திருக்கிற பங்கு ரொம்பச் சின்னது. சாப்பிட்டியா, உடம்பு எப்படி, மாப்பிள்ளை சௌக்கியமா. முடிந்தது.

மனைவி மிரேய் இருந்தவரைக்கும் இது ஒரு குறையாகவே அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மிரேய் லியோனில் இருக்கும் மகளுக்குப் போன் போடுவாள். அம்மாவும் பெண்ணும் பிரெஞ்சில் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கிசுகிசுப்பார்கள். அவர் பின்கட்டில் கோழிக்குத் தவிடு பிசைந்தபடியே, "நானும் கேட்டேன்னு சொல்லு" என்று ஒரு குரல் கொடுப்பார். "பப்பாவும் கேட்டாராம்" என்பாள் மிரேய். அப்பன் கடமை அத்தோடு தீர்ந்துவிடும். பிறகு மிரேய் போய்ச் சேர்ந்தாள். போன் அவர் கைக்கு வந்தது.

மகள் ஸ்டெஃபனி பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்சில். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் தெருப் பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுது என்னென்னவோ சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. அதிலிருந்து ஒரு வைராக்கியம். அப்பாவிடம் இனிமேல் தமிழ்தான் என்று உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் காதில் விழுந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு அவள் தட்டுத் தடுமாற, வாயில்லாத இந்த மனிதர் மறுமுனையில் "ம்... ம்..." என்று முனக, முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு பேருக்கும் தண்டனையாகத்தான் இருந்தன.

காப்பாற்றியது ஒரு கோழி. அவர் பேச்சில்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் நின்றிருந்தபோது கூடைக்குள்ளிருந்து அது உறுமியது.

"அது என்ன சத்தம் பப்பா?"

"அடைக்கோழி. முட்டை மேல உக்காந்திருக்கு. கிட்ட போனா கொத்தும்."

"அடை-ன்னா?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அடை என்றால் என்ன, எந்தக் கோழி அடைக்கு உட்காரும், எது பாதியில் எழுந்து ஓடும், வெளிச்சத்தில் முட்டையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நரம்பு எப்படி ஓடும், குஞ்சு கட்டாத முட்டைக்கு ஏன் கூமுட்டை என்று பேர். கோழி முடிந்ததும் முயல் வந்தது. பெட்டை முயல் சினையாகிவிட்டால் குட்டி போடுவதற்கு முன்னால் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி மெத்தை போடும் என்று சொன்னபோது, "வலிக்காதா பப்பா?" என்றாள். முயல் முடிந்து மரம். எதில் பூ வந்து உதிர்கிறது, எதில் பிஞ்சு பிடிக்கிறது, எது ஆண் பப்பாளி, எதை வெட்டிப்போட வேண்டும். ஒரு வருஷத்தில் ஸ்டெஃபனியின் தமிழ் நன்றாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் அது முழுக்க முழுக்கக் கோழிக்கூண்டிலும் முயல்பெட்டியிலும் வளர்ந்த தமிழ்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. "பப்பா, எங்க ஆபீஸ்ல ஒருத்தி குட்டி போட்டுட்டா. ரெண்டு!" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வேறு அப்பனாக இருந்தால் திருத்தியிருப்பான். இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கெடாவா பெட்டையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் பெட்டை."

"பால் இருக்குதாமா?"

"இருக்குதாம்."

நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மேலாளரை "அடை உக்காந்திருக்கார்" என்பாள். கல்யாணமான சிநேகிதனை "ஜோடி சேர்த்துட்டாங்க" என்பாள். இவரும் அதே பாஷையில் பதில் சொல்வார். கோயிலில், ரொட்டிக்கடையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சொல்தா வீட்டுக்காரர் என்று தெருவில் பேர் எடுத்த அந்த முன்னாள் பட்டாளத்துக்காரருக்கு, மிரேய்க்குப் பிறகு ஊரோடு பகிர்ந்துகொள்ள இருந்த ஒரே சங்கதி அதுதான்.

எதிர்வீட்டு செந்தமிழ்ச்செல்விக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அப்பா வைத்த பேர் செந்தமிழ், சோறு போட்டது பிரெஞ்சு. புதுச்சேரியில் இதையெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"புள்ளைக்குத் தப்புத் தப்பா சொல்லித் தரீங்க முசியே. மனுசங்களுக்குத் தமிழ்ல வேற வார்த்தை இருக்கு."

"அதெல்லாம் மிரேய் டிபார்ட்மென்ட் டீச்சர்."

"மிரேய்தான் இப்ப இல்லியே."

ஜான்-பத்திஸ்த், கோழி கூப்பிடுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

குளிர்காலத்தில் ஸ்டெஃபனி ஒரு எலுமிச்சைக் கன்று வாங்கி வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தாள். அப்பாவோடு பேச ஏதாவது வேண்டும் என்றுதான் வாங்கினாள் என்பது என் எண்ணம். அது பூத்தது. உள்ளே வைத்த மரத்துக்குத் தேனீ எங்கே போவது? காது குடைகிற பஞ்சுக்குச்சியை எடுத்துப் பூவுக்குப் பூ தொட்டுவிடச் சொன்னார் இவர். "தேனீ வராத வீட்ல நீதான் தேனீ" என்றார். அவள் சிரித்தாள். அவள் புருஷன் தெயோ பின்னாலிருந்து ரீங்காரம் போட்டுக் காட்டினான். அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் நல்ல பையன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை எடுத்தவுடனே, என்றைக்கும் கேட்கும் கோழி சௌக்கியம் முயல் சௌக்கியம் எதையும் கேட்காமல் சொன்னாள்.

"பப்பா, பிஞ்சு புடிச்சிருக்கு."

ஒளித்துவைத்துக் கண்ணாமூச்சி காட்டுவது எனக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது எலுமிச்சையைப் பற்றி அல்ல.

அந்த வாக்கியத்தை வாரம் முழுவதும் யோசித்துச் சேர்த்திருந்தாள். அம்மா இருந்திருந்தால் சொல்லவே வேண்டியிருக்காது, குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். அப்பாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது? பிரெஞ்சில் சொன்னால் ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி இருக்கும். சினை என்பது முயலுக்கு. அது கூச்சமாக இருந்தது. குட்டி என்பது கேலிக்கு. தன்னிடம் இருந்த தமிழையெல்லாம் கொட்டிக் கிளறி, அதில் இருந்ததிலேயே அழகான சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள். தமிழ் படித்து வாயைத் திறந்தாலே கவிதை சொல்கிறவர்கள்கூட இவ்வளவு நல்ல சொல்லைப் பொறுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்.

"அட்றா சக்கை!" என்றார் ஜான்-பத்திஸ்த். "எத்தனை?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுதான் பப்பா! ரெண்டுன்னா தெயோ மயக்கம் போட்டு விழுந்துடுவான்."

"ஒண்ணு போதும். முதல் காய்ப்பு. ஒண்ணா இருந்தா நல்லா ஊட்டமா வரும்."

அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? குட்டி போட்டாள் என்று சொன்னபோது கெடாவா பெட்டையா என்று கேட்டவர்தானே? எப்போதும் போல அப்பா தன் பாஷையில் வாழ்த்துச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவருக்கோ, ஜன்னலோரத்து எலுமிச்சை காய்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம். பஞ்சுக்குச்சி யோசனை அவருடையது அல்லவா!

அன்று முதல் ஒவ்வொரு வாரமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "பிஞ்சு எப்படிம்மா இருக்கு? எவ்ளோ பெருசு?"

"மிளகு அளவுன்னு சொல்றாங்க."

"போகப் போக பாரு."

பட்டாணி ஆயிற்று. திராட்சை ஆயிற்று. அவர் அந்த அளவைப் பின்கட்டில் நின்றபடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்ப்பார். பனிக்காலத்தில் இவ்வளவு சுருக்க வளர்கிறதே என்று மெச்சிக்கொள்வார். புத்திமதியும் நிறையச் சொன்னார். "வெயிட்டு தூக்காத, அந்தத் தொட்டிய இங்கயும் அங்கயும் இழுக்காத. காத்து படாம பாத்துக்கோ. தினம் அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசு, அதுக்கெல்லாம் காது உண்டு."

"பேசறேன் பப்பா. தமிழ்லதான் பேசறேன்."

"அப்ப நல்லா வரும்."

செந்தமிழ்ச்செல்வி ஒரு நாள் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது வாசலில் நிறுத்திக் கேட்டார். "பொண்ணுக்குக் கல்யாணமாகி இத்தனை வருசம் ஆவுதே முசியே, ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

"விசேஷம்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார் இவர். முகம் முழுக்கச் சிரிப்பு. "பிஞ்சு புடிச்சிருக்காம், அதான் இப்ப வீட்ல பெரிய பேச்சு. திராட்சை அளவு இருக்காம்."

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மாதா காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு எலுமிச்சைக்கு மாதாவா என்று இவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. அதுவும் சிவன் கோயிலுக்குப் போகிற டீச்சர் வாயிலிருந்து.

அந்தப் போன் ஒரு வாரநாளில் வந்தது. அது அவள் பேசும் நாளும் இல்லை, நேரமும் இல்லை. அவர் அப்போது அடைக்கூடைக்கு முன்னால் குந்தியிருந்தார். முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலகலவென்று ஆடினால் அது கூமுட்டை. கையில் ஒன்று அப்படி ஆடியது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"பப்பா." குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறதென்று நினைத்தார். "பிஞ்சு விழுந்துடுச்சு பப்பா."

"அடடா!" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "எப்ப?"

"காலைல."

"காம்போட விழுந்துச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் இவர் பேசிக்கொண்டே போனார். ஊமையாக இருந்த மனிதர் பேசக் கற்றுக்கொண்ட விஷயம் இது ஒன்றுதானே. "முதல் காய்ப்பு அப்படித்தாம்மா. பாதிக்கு மேல உதுந்துதான் போவும். மரத்து மேல தப்பே இல்ல. மரத்துக்குத் தெரியும், எதைத் தாங்கலாம் எதைத் தாங்க முடியாதுன்னு. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. இங்கயும் பாரு, கைல ஒரு கூமுட்டைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். வேர் நல்லாருக்கா? அதச் சொல்லு."

"நல்லாருக்கு பப்பா."

"அப்ப போதும். வேர் நல்லாருந்தா எல்லாம் வரும். நல்லவேளை சின்னதுலயே விழுந்துச்சு, காயாகி விழுந்திருந்தா மனசுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். விழுந்ததத் தூக்கிக் குப்பைல போட்டுடாத. அந்தத் தொட்டியிலயே போட்டு மண்ண மூடு, மண்ணோட மண்ணா இருக்கட்டும். அப்புறம் கொஞ்ச நாள் சும்மா உடு. நோண்டாத, கிளறாத, தினம் தினம் பாக்காத. அதுவா தேறி வரும்."

"சரி பப்பா" என்றாள். போன் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இவர் போட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு நாள், 'நல்லாருக்கேன் பப்பா, அப்புறம் பேசறேன்' என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு வரி அனுப்பினாள். அதை எத்தனை தடவை படித்தாலும் அதில் வேறொன்றும் இல்லை.

மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஆட்கள் இல்லாத வீட்டில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பான்? குஞ்சுகள் பொரித்து வெளியே வந்தன. எத்தனை, எந்த நிறம் என்று சொல்ல ஆள் இல்லை. அவை பின்கட்டில் ஓடுவதைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. மிரேய் செத்தபோது வராத பயம் இப்போது வந்தது. பெண்ணுக்கு நாம் சலித்துப்போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை காலத்துக்குத்தான் அவளும் முயல் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள்?

அப்புறம் ஒரு சாயங்காலம் தெயோ கூப்பிட்டான். தானாக அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நிதானமாக, பிரித்துப் பிரித்து, பிரெஞ்சில் பேசினான். ஸ்டெஃபனி தூங்குவதில்லை என்றான். யாரோடும் பேசுவதில்லை என்றான். உங்களுக்குத்தான் தெரியுமே என்றான். நடுநடுவே 'ஃபோஸ் கூஷ்' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. நீங்கள் கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று முடித்தான். புரியாத பிரெஞ்சுக்குப் பட்டாளத்தில் என்ன பதில் சொல்வாரோ அதையே இவரும் சொன்னார். "வுய், வுய்." ஆமாம், ஆமாம்.

ஃபோஸ் என்றால் தப்பு, பொய். அது தெரியும். கூஷ் என்றால் படு. நாயிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். தப்பான படுக்கை. பாவம், மெத்தை சரியில்லை போலிருக்கிறது, முதுகுவலியில் பிள்ளை தூங்காமல் கிடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் பார்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் எதிர்வீட்டுக்குப் போனார்.

"ஃபோஸ் கூஷ்னு சொன்னாரா?" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"ஆமாம் டீச்சர். மெத்தைதானே?"

"உக்காருங்க முசியே."

"ஏன்?"

"உக்காருங்க சொல்றேன்." அவர் உட்கார்ந்த பிறகுதான் டீச்சர் வாயைத் திறந்தார். "கரு கலைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வயித்துல இருந்தது தங்கல."

"யாரு வயித்துல?"

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அவ ஒண்ணும் சொல்லலியே டீச்சர். மாசமா இருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

"சொல்லியிருக்காளே" என்றார் செந்தமிழ்ச்செல்வி மெதுவாக. "நீங்கதானே என்கிட்ட வந்து சொன்னீங்க. பிஞ்சு புடிச்சிருக்குன்னு. திராட்சை அளவுன்னு. அதுக்குத்தானே நான் மாதாவ வேண்டினேன்."

ஜான்-பத்திஸ்த் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனை என்று கேட்டது ஞாபகம் வந்தது. ரெண்டுன்னா தெயோ மயக்கம் போட்டு விழுந்துடுவான். தமிழ்லதான் பேசறேன். ஒவ்வொன்றாக வந்தது. கையில் கூமுட்டையை வைத்துக்கொண்டு தான் பேசிய அத்தனை பேச்சும் வந்தது. நல்லவேளை சின்னதுலயே விழுந்துச்சு. இந்த வாயால் சொன்னார். காம்போட விழுந்துச்சா என்று, பெற்ற மகளிடம், அதே நாளில், இந்த வாயால் கேட்டார்.

அவர் அழுதார். வெட்கப்படாமல், எதிர்வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு பேரப்பிள்ளை வந்து போய்விட்டது. அது இருந்த நாள் பூராவும் அவர் வாரம் தவறாமல் அதன் சௌக்கியம் கேட்டார், விரலால் அதன் அளவு பார்த்தார், காற்றுப் படாமல் வைக்கச் சொன்னார். ஆனால் அது ஒரு பிள்ளை என்று மட்டும் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

"என்ன சொல்லட்டும் அவகிட்ட?" என்று கேட்டார். "நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க."

"ழெ சுய் தெசொலே, வருந்தறேன்-ன்னு..."

"அது பஸ்ல கால மிதிச்சா சொல்றது டீச்சர்."

"அப்ப தமிழ்லதான் சொல்லணும்." டீச்சர் யோசித்தார். முழுகாமல் இருக்கிறாள், உண்டாயிருக்கிறாள், தங்கவில்லை, நிற்கவில்லை. எல்லாம் பெண்கள் பெண்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிற வார்த்தைகள். அப்பன் வாயில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. "எனக்கும் தெரியல முசியே. நீங்க போன் பண்ணுங்க. வார்த்தை அப்பால வரட்டும்."

வீட்டுக்கு வந்து பின்கட்டுப் படியில் உட்கார்ந்து போன் போட்டார். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தார்.

"பப்பா?"

"நான்தாம்மா."

"தெயோ போன் பண்ணானா? நான் அவன்கிட்ட சொன்னேன், கொஞ்ச நாள் சும்மா உடச் சொல்லி பப்பா சொல்லியிருக்காருன்னு. அவனுக்குப் புரியல. பப்பா மேல கோவமான்னு கேக்கறான்."

"கோவம் இல்லியாம்மா?"

"ஏன் கோவம்?" அவள் தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது. "இங்க எல்லாரும் சொன்னாங்க, நிறைய பேருக்கு ஆவும், திரும்ப வரும்னு. டாக்டர் நம்பர் சொன்னாரு, நூறு பேர்ல இத்தனை பேருன்னு. தெயோ அம்மா கேட்டாங்க, எதாச்சும் தூக்கினியான்னு. நான் எதும் தூக்கல பப்பா. நீங்க சொன்னீங்கல்ல, தூக்கல. நீங்க மட்டும்தான் மரத்து மேல தப்பில்லன்னு சொன்னீங்க. வேர் நல்லாருக்கான்னு நீங்க மட்டும்தான் கேட்டீங்க. மத்தவங்க எல்லாம் பிஞ்ச பத்தியே பேசறாங்க. மரத்த யாரும் கேக்கல."

கூண்டுக்குள் கோழிகள் அடைய ஆரம்பித்திருந்தன.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். வீட்லதான் ஆச்சு. குப்பைல போடல. அந்த எலுமிச்சைத் தொட்டியில வச்சு, மண்ண மூடினேன். தெயோவுக்குக்கூட அப்புறம்தான் சொன்னேன். அது இந்த வருசம் பிஞ்சே வைக்கல பப்பா, அந்த எலுமிச்சை. பூ எல்லாம் சும்மா உதுந்துடுச்சு. அதுல வச்சேன்."

"ஸ்டெஃபனி" என்றார். "நான் அன்னைக்கு..."

அவள் காத்திருந்தாள். மீதி வாக்கியம் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் அன்னைக்கு எலுமிச்சையத்தாம்மா சொன்னேன், எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, என்னை மன்னிச்சிடும்மா. உண்மைதான். சொல்லிவிட்டால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அவ்வளவு பேரில் அவளைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு ஆள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொன்னால் அந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடுவான். சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளட்டும். ஜான்-பத்திஸ்த் அதை விழுங்கிவிட்டார். அது இனிமேல் அவரோடுதான் இருக்கும். மிரேய் இருந்தால் அவளிடமாவது சொல்லியிருப்பார்.

"நான் அன்னைக்குக் கேட்டேன்ல" என்றார். "வேர் நல்லாருக்கா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே பப்பா."

"இன்னைக்குச் சொல்லும்மா."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல பப்பா" என்றாள். "நல்லால்ல."

அவருக்கு இதற்கும் வார்த்தை தெரியவில்லை. இந்தத் தடவை அவர் தேடவும் இல்லை. "வச்சிடாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் வைக்கவில்லை. கூண்டுக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. அவர் எழுந்திருக்காமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.